உள்ளீடற்ற கூடு: வெண்டல் காசிலின் மர அறைகலன்களில் வடிவமைப்பும் சிற்பமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க மரக்கலைஞர் வெண்டல் காசில் (1932–2018) தொழில்வடிவமைப்பும் சிற்பமும் பயின்று, இருக்கை, மேசை, கடிகாரம் முதலிய புழங்குபொருள்களைச் சிற்பத் தன்மையோடு ஆக்கியவர். வடிவமைப்பைத் துறந்து கலைக்குள் வந்தவர் என்றே அவர் பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகிறார். அவருடைய ஒட்டுமர இருக்கைகள், கண்மயக்குச் சிற்பங்கள், இறுதிக்கால எந்திரச் செதுக்கல்கள் ஆகியவற்றை நுணுகி நோக்கினால் இவ்வறிமுகம் பொருந்தவில்லை. தொழில்வடிவமைப்பாளரின் அடிப்படைச் செயலான ‘கூடு அமைத்தல்’ அவருடைய சிற்பங்களுக்குள்ளும் தொடர்ந்து இயங்குகிறது என்பதும், சிற்பம் என்னும் தகுதியைப் பெறுவதற்காக அவருடைய அறைகலன்கள் இழந்தது சிறிதன்று என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: வெண்டல் காசில், மரச்சிற்பம், அறைகலன், தொழில்வடிவமைப்பு, அடுக்கொட்டு முறை, பயன்பாடு.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் மரத்தால் அறைகலன் செய்தோரைப் பற்றிய எழுத்துகளில் ஒரு படிவரிசை மறைவாக இயங்குகிறது. ஆலைக்கு வரைந்து கொடுக்கும் வடிவமைப்பாளர் கீழ்ப்படியில் நிற்கிறார், தன் கையால் செய்யும் கைவினைஞர் அதற்கு மேலே, உச்சியில் கலைஞர். கீழிருந்து மேலே செல்பவரின் வரலாறு ஒரு விடுதலைக் கதையாகவே எழுதப்படுகிறது. வெண்டல் காசில் இக்கதைக்கு வாய்ப்பான நாயகர். கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 1932இல் பிறந்த அவர், கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலில் தொழில்வடிவமைப்பில் இளநிலைப் பட்டமும், 1961இல் சிற்பத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்விநிறுவனத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் அருகிலுள்ள ஸ்காட்ஸ்வில் என்னும் சிற்றூரில் பட்டறை அமைத்து, 2018இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார்.

தம் அறைகலன்கள் சிற்பமாக மதிக்கப்பட வேண்டும் என்பதில் காசிலுக்கே பெருவிருப்பம் இருந்தது. எனவே படிவரிசைக் கதையைத் திறனாய்வாளர்கள் மட்டும் புனைந்தார்கள் எனல் பொருந்தாது. கலைஞரும் அதற்கு உடன்பட்டே இருந்தார். ஆயினும் ஒரு படைப்பாளி தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணமும் அவர் படைப்பு காட்டும் உண்மையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காசில் எதை விட்டு வந்தார், எதை உடன் கொண்டுவந்தார் என்பதை அவருடைய பொருள்களிடமே கேட்க வேண்டியுள்ளது.

கேள்வி தனி ஒருவரைப் பற்றியது மட்டுமன்று. தமிழில் கைவினை குறித்து அண்மைக்காலமாக எழுதப்படும் ஆய்வுகளும் ‘கைவினையாளர் கலைஞராக உயர்ந்தார்’ என்னும் தொடரை ஆராயாமலே கையாளுகின்றன. கல்தச்சர், மரத்தச்சர், கப்பல் தச்சர் எனப் பொருளையும் தொழிற்களத்தையும் கொண்டு பகுக்கும் மொழியில், ‘உயர்ந்தார்’ என்னும் வினை எங்கிருந்து வந்தது என்று கேட்பது தகும். (இப்பகுப்பில் ஏற்றத்தாழ்வே இல்லை என்பது இதன் பொருளன்று, சாதி அதைத் தன் வழியில் பார்த்துக்கொண்டது.) அயல்நாட்டுக் கலைஞர் ஒருவரிடம் அத்தொடரைச் சோதிப்பது இங்கும் பயன்தரும்.

மரத்திலிருந்து அன்று, பலகையிலிருந்து

காசிலின் மாணவப் பருவப் படைப்பொன்றின் பெயர் ‘ஸ்டூல் ஸ்கல்ப்ச்சர்’. முக்காலிச் சிற்பம் என்று கொள்ளலாம். ஆண்டு 1959. இரண்டு பெயர்ச்சொற்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தியிருக்கும் அத்தலைப்பே அவருடைய வாழ்நாள் சிக்கலின் முதற்பதிவு. இதற்குச் சில ஆண்டுகள் பின்னர் வந்த ‘ஸ்க்ரைப்ஸ் ஸ்டூல்’ எனப்படும் எழுதுவோர் இருக்கையும் அவ்வகையினதே. இரண்டிலும் மெலிந்த உறுப்புகள் எலும்புகளைப்போல் வளைந்து ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஓவியராகத் தொடங்கி மரவேலைக்கு வந்த வார்ட்டன் எஷெரிக்கின் தாக்கத்தைக் காசில் மறைத்தவர் அல்லர். இப்பருவத்தில் அது வெளிப்படையாகவே தெரிகிறது. நேர்த்தியானவை என்றாலும் இவை இன்னும் மற்றவர் இலக்கணத்தில் எழுதப்பட்டவை.

1960களின் முற்பகுதியில் அவர் கைக்கொண்ட அடுக்கொட்டு முறைதான் அவருக்கு உரிய இலக்கணத்தைத் தந்தது. மரத்தாலான பொம்மை வாத்துகளைப் பலகைகளை ஒட்டிச் செய்யும் முறை பற்றிச் சிறுவயதில் படித்த கட்டுரை ஒன்றிலிருந்து இவ்வெண்ணம் பிறந்ததாக அவர் கூறியிருக்கிறார். முறை எளிது. செய்யவிருக்கும் உருவத்தை, மலையைச் சமவுயரக் கோடுகளால் வரைபடமாக்குவதுபோல், கிடைமட்ட அடுக்குகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் புறவரையையும் ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகையில் வரைந்து ரம்பத்தால் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு, கிளாம்புகளால் இறுக்கிக் காயவைக்க வேண்டும். கிடைப்பது படிக்கட்டு போன்ற கரடான உருவம். அதன் விளிம்புகளைச் சங்கிலி ரம்பத்தாலும் உளியாலும் கழித்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, எண்ணெயிட்டால் வேலை முடிந்தது.

இம்முறையின் பயன் மரத்தின் இயல்போடு தொடர்புடையது. பெருங்கட்டையாக உள்ள மரம் காயும்போது புறப்பகுதி முதலில் சுருங்குகிறது. உட்பகுதி ஈரத்தோடு அதற்கு இடங்கொடாமல் நிற்கிறது. அத்துடன், ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், வளையத்துக்குக் குறுக்கே ஏற்படுவதைவிடப் பொதுவாக இருமடங்கு. இவ்விரண்டு காரணங்களால் பெருங்கட்டையில் வெடிப்பு தோன்றுகிறது. மெல்லிய பலகையோ சீராகக் காய்கிறது. காய்ந்த பலகைகளை நாரோட்டம் ஒரே திசையில் அமையும்படி அடுக்கி ஒட்டினால் எவ்வளவு பெரிய உருவத்தையும் வெடிப்பு அச்சமின்றி ஆக்கலாம். அடுக்குகளை வளையங்களாக அறுத்தால் உள்ளே பொள்ளலாகவும் விடலாம். எடையும் மரச்செலவும் குறையும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பதிய வேண்டும். 1972இல் வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியனின் ரென்விக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது ‘உடன்வொர்க்ஸ்’ என்னும் காட்சியில் ஐந்து மரக்கலைஞர்கள் ஒருசேர வைக்கப்பட்டனர்: எஷெரிக், ஜார்ஜ் நகஷிமா, சாம் மாலூஃப், ஆர்தர் எஸ்பெனெட் கார்ப்பென்டர், காசில். ஐவரையும் ‘மரத்தை மதித்தவர்கள்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் பழக்கம் அதன்பின் நிலைத்துவிட்டது. நகஷிமாவைத் தமிழ் வாசகர் பாண்டிச்சேரி வழியாக அறிவர். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தபோது, அவருடைய அலுவலகத்தின் சார்பில் 1937 முதல் 1939 வரை அங்கே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்த கட்டடக் கலைஞர் அவர். ஆசிரமத்தில் சுந்தரானந்தர் என்னும் பெயரும் பெற்றார். பின்னாளில் பென்சில்வேனியாவில் அவர் செய்த மேசைகளில் அடிமரத்தின் முழுநீளப் பலகை, அதன் இயற்கையான கோணல் விளிம்போடும் வெடிப்போடும் அப்படியே கிடக்கும். வெடிப்பு மேலும் விரியாதிருக்க வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டு பதிக்கப்பட்டிருக்கும். எந்த மரம், எப்படி வளர்ந்தது என்பதெல்லாம் மேசையைப் பார்த்தாலே தெரியும்.

காசிலின் இருக்கையைப் பார்த்து அதன் மரம் எப்படி வளர்ந்தது என்று யாராலும் கூற இயலாது. நகஷிமா மரத்திலிருந்து தொடங்குகிறார். காசில் பலகையிலிருந்து தொடங்குகிறார். மரவாடியில் அளவாக அறுத்து, சூளையில் உலர்த்தி, இழைத்து விற்கப்படும் பலகை ஏற்கெனவே ஓர் ஆலைப்பொருள். அதற்கு வேரும் கிளையும் இல்லை. அடுக்கொட்டு முறை அதன் எஞ்சிய தனித்தன்மையையும் நீக்கி, களிமண்ணுக்கு நிகரான, எவ்வுருவையும் ஏற்கும் பருப்பொருளாக அதை மாற்றுகிறது. களிமண் என்னும் உவமை தற்செயலானது அன்று. காசில் தொழில்வடிவமைப்பு பயின்ற 1950களில் அமெரிக்கத் தானுந்துகளின் உடல்வடிவம் களிமண் மாதிரிகளிலேயே தீர்மானிக்கப்பட்டது. உள்ளே எந்திரம் எதுவாயினும், வெளியே தொடர்ச்சியான, தையல் தெரியாத வளைபரப்பை ஆக்குவதே அவ்வடிவமைப்பாளரின் பணி. காசிலின் பலகையடுக்குகளும் அதே தொடர்ச்சியான பரப்பையே தேடுகின்றன. கழுந்தும் துளையுமாய் உறுப்புகள் சந்திக்கும் மூட்டு என்பதே அவற்றில் இல்லை. மரவேலையின் மரபான அறிவு முழுவதும் மூட்டில் இருக்கிறது என்றால், காசில் அவ்வறிவைக் கடந்தவர் என்பதைவிட, அதற்கு வெளியே நின்றவர் என்பதே சரி. இதைக் குறையாகக் கூறவில்லை. அவருடைய 1960களின் படைப்புகளுக்கு வலிமை தந்ததே இந்த அயன்மைதான்.

1969 அளவில் வெளிவந்த ‘மோலார்’ இருக்கைகள் இதற்கு உறுதிச்சான்று. கடைவாய்ப் பல்லின் வடிவை ஒத்த அவை கண்ணாடியிழை நெகிழியால் அச்சில் வார்க்கப்பட்டவை. மரத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்த கலைஞராக இருந்திருந்தால் இது ஒரு பிறழ்வு. ஆனால் பார்வைக்கு அப்படித் தோன்றவில்லை. மர இருக்கைகளின் அதே உப்பிய வளைவுகள் நெகிழியில் இயல்பாக வந்து அமர்கின்றன. வடிவம் முந்தியது, பொருள் பிந்தியது என்பதை அவை ஒளிவின்றிக் காட்டுகின்றன. காசிலைப் பற்றிய பாராட்டுரைகள் மோலாரை விரைந்து கடந்துவிடுவதற்கு அதுவே காரணம் போலும்.

நாற்காலி என்னும் சொல்

தமிழில் இருக்கைகளின் பெயர்கள் கால்களை எண்ணுகின்றன: நாற்காலி, முக்காலி. மேசையும் அலமாரியும் போர்த்துகீசியத்திலிருந்து வந்த ஒலிகள். அவை நமக்கு எதையும் வரையறுப்பதில்லை. நாற்காலியோ ஒரு வரையறை. அமர்பவரின் எடையை நான்கு புள்ளிகள் வழியாகத் தரைக்குக் கடத்தும் பொருள் என்று அச்சொல் பொறியியலாகவே பேசுகிறது. காசிலின் முதன்மையான இருக்கைகள் பலவற்றை அச்சொல்லால் சுட்ட முடியாது. அவை தரையிலிருந்து ஒரே திரளாக எழுகின்றன. எழுந்து, கவிந்து, ஓரிடத்தில் அமர்வதற்கான குழிவாகத் தாழ்கின்றன. 1968ஐச் சேர்ந்த ‘டேபிள்-சேர்-ஸ்டூல்’ பெயரிலேயே மூன்று பொருள்களைக் கோத்தது. மேசை எங்கே முடிகிறது, இருக்கை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு அதில் இல்லை. பெயர்களுக்கு இடையிலுள்ள சிறுகோடுகள் செய்யும் பிரிவினையை மரம் செய்ய மறுக்கிறது.

இத்திரட்சி வெறும் சுவை சார்ந்த தேர்வு அன்று. கிடைமட்டப் பலகைகளை அடுக்கி மெல்லிய நிலைக்கால் ஒன்றை ஆக்கினால், பக்கவாட்டு விசை நாரோட்டத்துக்குக் குறுக்கே மரத்தைப் பிளக்க முயலும். மரம் மிகவும் வலுக்குன்றியிருப்பது அத்திசையில்தான். பசைக்கோடு தாங்கினாலும் மரம் தாங்காது. ஆகவே இம்முறையில் செய்யப்படும் உறுப்பு தடித்தே ஆக வேண்டும். காசிலின் இருக்கைகளுடைய கொழுத்த அடிப்பகுதி, யானைக்காலை நினைவூட்டும் தாங்குதண்டுகள், உடலோடு ஒட்டிய வளைவுகள் எல்லாம் இந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்தவை. ‘உயிரி வடிவம்’ என்று திறனாய்வாளர்கள் போற்றும் பண்பின் பாதியைப் பசையும் பலகையும் எழுதியிருக்கின்றன. கட்டாயத்தைக் கட்டாயமென்று தெரியாதபடி வடிவமாக்கியதே காசிலின் திறன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒட்டப்பட்ட பலகைகள் ஒரே மரவகையாயினும் நிறத்தில் சிறிதளவு வேறுபடும். உருவத்தைச் செதுக்கியபின் அவ்வேறுபாடு பரப்பெங்கும் கோடுகளாக ஓடுகிறது. செங்குத்தான பக்கங்களில் கோடுகள் நெருங்கியும், சரிவில் அகன்றும் செல்கின்றன. நிலவரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் உருவத்தின் ஏற்றத்தாழ்வைக் கோடுகளாலேயே படித்துவிடலாம். அமரும் குழிவில் மட்டும் அவை ஒன்றுக்குள் ஒன்றாக மூடிய வளையங்களாகின்றன, வரைபடத்தில் குளத்தைக் குறிப்பதுபோல. இருக்கை எங்கே என்று சொல்ல வேறு அடையாளம் தேவையில்லை. மனித உடல் வந்து தங்க வேண்டிய இடத்தை மரத்தின் கோடுகளே சூழ்ந்து காட்டுகின்றன. பயன்பாடும் சிற்பமும் இங்கே இரண்டாக இல்லை. பயன்பாட்டை நீக்கிவிட்டுக் குழிவை விளக்க முடியாது. குழிவை நீக்கிவிட்டு உருவத்தை விளக்க முடியாது. காசிலின் வாழ்நாள் உழைப்பில் மிகச் சிறந்த இடம் இதுவே என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. அவருக்குப் பெரும்புகழ் தந்தவை இவற்றுக்குப் பின் வந்தவை என்பதை அறிந்தே இம்மதிப்பீடு முன்வைக்கப்படுகிறது.

இதே தருக்கத்தின் எல்லையில் நிற்பது 1969–70 காலத்தில் அவர் செய்த ‘என்விரான்மென்ட் ஃபார் கான்டெம்ப்ளேஷன்’ என்னும் தியானக்கூடு. அடுக்கொட்டு மரத்தாலான மூடிய உறை, சிறு கதவு, உள்ளே ஒருவர் மட்டும் ஒடுங்கிக் கிடக்க இடம். இருக்கையில் உடல் பரப்பின்மேல் தங்கியது. இங்கே பரப்பு உடலை விழுங்கிவிட்டது. கூடு என்னும் எண்ணம் முதன்முறையாக முழு உருப்பெற்றது இதில்தான். அப்போதும் கூட்டுக்குள் ஒருவர் இருந்தார்.

கோட்டு மாட்டிய நாற்காலி

1970களின் பிற்பகுதியில் காசில் திசைமாறினார். அதுவரை நான்கு கால்களைத் தவிர்த்தவர், பழைய பாணியிலான சாதாரண நாற்காலியை மரத்தில் ‘செதுக்க’த் தொடங்கினார். ‘சேர் வித் ஸ்போர்ட் கோட்’ (1978) என்னும் படைப்பில் நாற்காலியும் மரம். அதன் முதுகில் யாரோ கழற்றி மாட்டிச் சென்றதுபோல் தொங்கும் கோட்டும் மரம். ‘டேபிள் வித் க்ளவ்ஸ் அண்ட் கீஸ்’ (1981) என்பதில் மேசைமேல் கையுறைகளும் சாவிகளும், அவையும் மரமே. ஐரோப்பிய ஓவியத்தில் நெடுங்காலமாக வழங்கிய கண்மயக்கு உத்தியை முப்பரிமாணத்தில் கையாண்ட தொடர் இது.

திறன் ஐயத்துக்கு இடமற்றது. துணியின் மடிப்பு எடையோடு விழுகிறது. தையலோரம் தையலாகவே தெரிகிறது. ஆனால் இத்தொடர் பெற்ற வரவேற்பில் ஒரு முரண் உள்ளது. மெய்யாகவே அமரத்தக்க 1960களின் இருக்கைகள் ‘சிற்பமா, அறைகலனா’ என்னும் வழக்கில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்டன. அமர இயலாத இந்த நாற்காலியை எவரும் அவ்வழக்கில் நிறுத்தவில்லை. ஐயமின்றிச் சிற்பமாக ஏற்றுக்கொண்டார்கள். அமர இயலாமையே அதற்கு நுழைவுச்சீட்டாயிற்று. பயன்பாடு ஒரு செயலாக இருந்தவரை அது கலைக்குத் தடை. ஒரு கருப்பொருளாக மாறியதும் கலைக்குரிய ஆழம்.

ஆளில்லாத கோட்டு ஆளின் இன்மையைப் பேசுகிறது, வீட்டுப் பொருள்களின் தனிமையைப் பேசுகிறது என்ற விளக்கங்கள் தவறல்ல. எனினும் அவை ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்கின்றன. கோட்டை மாட்டிச் சென்றவர் திரும்பிவந்தால் அவருக்கு அங்கே இடமில்லை. கோட்டு நாற்காலியோடு ஒரே கட்டையாகிவிட்டது. முன்பு வளையக் கோடுகள் உடலை அழைத்தன. இப்போது கோட்டு அவ்விடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இது இன்மையின் சித்திரிப்பு என்பதோடு, உடலை விலக்கி வைக்கும் ஏற்பாடும் ஆகும். கலைக்கூடத்தின் ‘தொடாதீர்’ என்னும் அறிவிப்பைப் படைப்பு தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டது.

கூட்டுக்குள் எந்திரம் இல்லை

இத்தொடரின் போக்கைக் குறைகூறும் எந்த வாதமும் ‘கோஸ்ட் கிளாக்’ (ஆவிக் கடிகாரம்) என்னும் படைப்பின் முன் நின்று விடைசொல்லியாக வேண்டும். 1985இல் சின்சினாட்டி நகரின் டாஃப்ட் அருங்காட்சியகத்தில் காட்டப்பட்ட பதின்மூன்று கடிகாரங்களில் ஒன்று அது; இப்போது ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது. ஏழடியைச் சற்று விஞ்சிய ஊசல் கடிகாரத்தின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, நடுவில் கயிற்றால் கட்டி வைத்ததுபோன்ற தோற்றம். அடியில் மட்டும் கடிகாரத்தின் பழுப்பு நிறப் பீடம் தெரிகிறது. துணி, கயிறு, பீடம் யாவும் ஒட்டிய ஹோண்டுராஸ் மகாகனி மரத்திலிருந்து செதுக்கப்பட்டவை. துணிக்குரிய பகுதி வெளுக்கப்பட்டது, பீடத்துக்குச் சாயமேற்றப்பட்டது. உள்ளே கடிகார எந்திரம் இல்லை. துணியை விலக்கினால் கடிகாரமும் இல்லை.

இதைக் காலம், மரணம் ஆகியவற்றின் குறியீடாக வாசிப்பது வழக்கம். வீட்டைப் பூட்டிச் செல்வோர் பொருள்களுக்குப் போர்வை இடுவதும், சவத்துக்குப் போர்வை இடுவதும் அவ்வாசிப்புக்கு இடந்தருகின்றன. பெயரும் அங்கேயே இட்டுச்செல்கிறது. ஆயினும் காசிலின் முழுப் பாதையில் வைத்து நோக்கினால், குறியீட்டைவிட நெருக்கமான ஒரு பொருள் புலப்படுகிறது. தொழில்வடிவமைப்பாளர் என்பவர் யார்? வேறொருவர் உருவாக்கிய எந்திரத்துக்கு உறை அமைப்பவர். வானொலி, தட்டச்சுப்பொறி, தானுந்து என எதை எடுத்தாலும் எந்திரம் ஒருவருடையது, கூடு மற்றொருவருடையது. கடிகாரத்தின் மரப்பெட்டியும் அத்தகைய கூடே. கடிகாரத் தச்சர் எந்திரத்தைச் செய்வதில்லை. ஆவிக் கடிகாரத்தில் காசில் கூட்டின்மேல் இன்னொரு கூட்டைப் போர்த்தியிருக்கிறார். எந்திரம் போயிற்று, எந்திரத்தின் உறையும் போயிற்று, உறையின் உறையாகிய துணி மட்டும் எஞ்சி நிற்கிறது. கூடு அமைக்கும் தொழிலின் கடைசி எல்லை இது. வடிவமைப்பைத் துறந்த கலைஞரின் உச்சப்படைப்பு என்று கொண்டாடப்படும் இது, வடிவமைப்பாளரின் கைவேலையை அதன் முழுத் தனிமையில் காட்டும் படைப்பாகவே இருக்கிறது.

கோட்டு மாட்டிய நாற்காலியைவிட இது மேலானதாக நிற்பதற்கும் காரணம் அதுவே. நாற்காலிச் சிற்பம் அமர்தலை இழந்தும் அமர்தலைப் பற்றிப் பேசியது. ஆவிக் கடிகாரம் தான் இழந்ததையே தன் உள்ளடக்கமாக்கியது. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத போர்வை என்பதில் ஏமாற்றும் உண்டு, ஒப்புதலும் உண்டு. முந்தியதில் ஏமாற்று மட்டுமே இருந்தது.

அரும்பொருள்களின் காலம்

1980களின் முற்பகுதியில் காசில் செய்த மேசைகளையும் பேழைகளையும் விரிவாக ஆராய வேண்டிய தேவை இல்லை. பிரெஞ்சு அறைகலன் கலைஞர் எமில்-ஜாக் ரூல்மானின் ஆடம்பர நேர்த்தியை அளவுகோலாகக் கொண்டு, அரிய மரங்களின் மெல்லேடுகளாலும் நுண்பதிப்புகளாலும் ஆக்கப்பட்டவை அவை. ஸ்டெயின்வே நிறுவனத்தின் ஐந்து இலட்சமாவது பியானோவுக்கு 1988இல் அவர் அமைத்த கூடும் இதன் தொடர்ச்சியே. மீண்டும் கூடு, இம்முறை உள்ளே உலகின் சிறந்த எந்திரங்களுள் ஒன்று. நூற்றுக்கணக்கான இசைக்கலைஞர்களின் கையொப்பங்கள் அதன் மேற்பரப்பை நிறைக்கின்றன. வடிவமைப்பாளரின் பங்கு அதற்குள் அடங்கிப்போகிறது. இப்பருவத்துப் பொருள்களில் செலவு தெரிகிறது, தேவை தெரியவில்லை.

இதே ஆண்டுகளில் அவர் செய்த வேறொரு செயல் போதிய கவனம் பெறவில்லை. அடுக்கொட்டு முறையைப் படிப்படியாக விளக்கும் நூலொன்றை 1980இல் வெளியிட்டார். அதே காலத்தில் ஸ்காட்ஸ்விலில் மரவேலைப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். தனித்துவமே மதிப்பு எனக் கருதும் கலைச்சந்தையில் ஒரு சிற்பி தம் முறையை யாரும் பின்பற்றத்தக்க வகையில் எழுதிக் கொடுப்பது அரிது. பட்டறையில் பிறர் செய்வதற்கு ஏற்ப வரைந்து கொடுத்துப் பழகிய மனம் அதைச் செய்யும்.

எந்திரக் கையும் பழைய குழிவும்

இறுதிக்காலத்தில் காசில் மீண்டும் அடுக்கொட்டு முறைக்கு வந்தார். இம்முறை சிறுமாதிரியை முப்பரிமாண வருடியால் கணினிக்குள் ஏற்றி, அடுக்குகளின் புறவரையைக் கணினியில் பெற்று, ஒட்டிய கட்டையைத் தானியங்கி எந்திரக் கையால் கடைந்தெடுத்தார். நியூயார்க்கின் கலை மற்றும் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2015இல் நடத்திய ‘வெண்டல் காசில் ரீமாஸ்டர்ட்’ காட்சியில், 1960களின் கைவேலைகளும் அவற்றை எண்ணியல் கருவிகளால் மறுவாசிப்புச் செய்த புதிய படைப்புகளும் ஒருங்கே வைக்கப்பட்டன. அந்நிறுவனத்தின் பழைய பெயர் தற்காலக் கைவினை அருங்காட்சியகம் என்பது. பெயரில் கைவினை நீங்கி, கலையும் வடிவமைப்பும் இடம்பெற்றதும் காசிலின் வாழ்நாளில்தான்.

எண்பதைக் கடந்த கலைஞர் எந்திரத்தை நாடியதில் கைவினைப் பற்றாளர்கள் பலருக்கு வருத்தம் உண்டு. கையின் தடம் அழிந்தது என்பது அவர்கள் முறையீடு. முன்னரே சுட்டியவாறு, காசிலின் சிறந்த படைப்புகள் கையின் தடத்தை என்றும் முதன்மையாகக் கொண்டவை அல்ல. தடம் தெரியாத பரப்பே அவற்றின் நோக்கம். எந்திரக் கை அந்நோக்கத்துக்கு மாறானது அன்று. முறையீடு வேறிடத்தில் எழ வேண்டும். வடிவத்தைக் கணினியில் எவ்வளவும் பெருக்கலாம் என்றானபின் புதிய படைப்புகள் சில பெரிதும் வீங்கின. அளவு கூடும்போது இருக்கையின் குழிவு மட்டும் பெருக முடியாது. மனித உடலின் அளவு மாறுவதில்லை. ஆகவே பெருந்திரளின் நடுவில் குழிவு சிறியதோர் இடமாகச் சுருங்கித் தெரிகிறது. முன்பு உருவம் முழுவதும் குழிவை நோக்கி ஒழுகியது. இங்கே குழிவு உருவத்தின் ஓர் ஓரத்தில் இடம் கேட்டு நிற்கிறது.

அப்படியும் குழிவை அவர் கைவிடவில்லை என்பது கருதத்தக்கது. சிற்பியாக முற்றிலும் ஏற்கப்பட்டு, எதையும் நிறுவ வேண்டிய தேவை நீங்கிய வயதில், அமரும் இடத்தை விலக்கிவிட்டு வெறும் உருவங்களை மட்டுமே செய்திருக்கலாம், தடுப்பார் இல்லை. ஆயினும் அவருடைய பிற்காலப் பெருந்திரள்கள் பலவற்றில் அது இருக்கிறது. பலகை வளையங்கள் அதைச் சுற்றி மூடி நிற்கின்றன. காட்சிமேடையில் ஏற்றப்பட்டுவிட்டதால் அதில் யாரும் அமர்வதில்லை; 1968இன் ‘டேபிள்-சேர்-ஸ்டூல்’ போன்ற பழைய இருக்கைகளின் நிலையும் இன்று அதுவே. ஒருவர் அமர்வதற்கென்று செய்யப்பட்டதும், அமர இயலாதபடி கோட்டு மாட்டிச் செதுக்கப்பட்டதும் அருங்காட்சியகங்களில் ஒரே வகைத் தடுப்புக்கயிற்றுக்குப் பின்னால் இருக்கின்றன. முன்னதன் குழிவில் மட்டும் எண்ணெயிட்ட மரம், உடலின் அளவுக்குத் தேய்க்கப்பட்டுக் காத்துக்கிடக்கிறது.